ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, ஸ்கிரீன் லாக்கைச் சொல்லிவிட்டேன்

சேலத்தில் வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். பக்கத்தில் புடவை நெய்கிற ஊரான இளம்பிள்ளைக்குப் போய் எடுத்து வந்து, படம் பிடித்து, வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, கூரியரில் அனுப்புவது. ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. போன தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் நம்பரிலிருந்தே, நான் பேசுவது மாதிரியே பேசி, என் வாடிக்கையாளர்கள் 14 பேரிடம் யாரோ பணம் வாங்கிவிட்டார்கள். மொத்தம் 19,600 ரூபாய். நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. எந்த லிங்க்கையும் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை என்று வந்த, திறந்தால் ஆப்பாகப் போனில் ஏறிக்கொள்கிற ஏபிகே ஃபைலைக்கூடத் திறக்காமல் அழித்தவள் நான். போனை டிஸ்பிளே மாற்றக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கடையின் பெயரைப் போடச் சொல்லி ஏற்கெனவே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். போடப் போவதில்லை. கடைக்காரர் செய்தாரா, அங்கே வேலை பார்த்த பையன் செய்தானா, அந்தப் பையன் யாருக்காவது விற்றானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிரூபிக்கவும் முடியவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஏனென்றால் இதே காரியத்தை இந்த வாரம்கூட உங்களில் யாராவது செய்திருப்பீர்கள்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது மேடையில் வைத்திருந்த போன் நழுவித் தரையில் விழுந்தது. டிஸ்பிளேயில் பாதி கறுப்பு, மீதிப் பாதியில் டச் வேலை செய்கிறது. சீசன் நேரம், ஒரு நாள் போன் இல்லையென்றால் பத்து ஆர்டர் போய்விடும். ஓடினேன். கடையில் நல்ல கூட்டம். "ரெண்டு மணி நேரத்துல ரெடி பண்ணிடலாம்க்கா" என்றான் பையன். ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். அதில் பெயர், நம்பர், மாடல், கம்ப்ளைண்ட் என்று வரிசையாக இடம் விட்டிருந்தது, கடைசியில் வலது மூலையில் ஒன்பது புள்ளிகள் அச்சடித்த ஒரு சின்னக் கட்டம். பேட்டர்ன் போடுகிறவர்கள் அதில் கோடு இழுத்துக் காட்ட வேண்டும், பின் நம்பர் வைத்திருப்பவர்கள் அதற்குக் கீழே எண்ணை எழுத வேண்டும். என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள், அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்! எனக்கு அப்போது அது கொஞ்சமும் உறுத்தவில்லை. என் பின் நம்பர் என் மகள் பிறந்த வருடம், அதைச் சொன்னேன். ரசீதில் எழுதினான், அப்புறம் ஒரு வெள்ளை ஸ்டிக்கரிலும் எழுதிப் போனின் முதுகில் ஒட்டினான்.

சிம்மை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. சிம் என் கையில் இருந்தால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் ஒன்றும் பண்ண முடியாது, இல்லையா? பேங்க் விஷயத்தில் அது ஓரளவு உண்மைதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரெண்டு மணி நேரம் சாயங்காலம் ஆனது. "ஒரிஜினல் டிஸ்பிளே ஸ்டாக் இல்லைக்கா, காலையில வந்துடும்." சரி என்று வந்துவிட்டேன். போன் ராத்திரி முழுக்கக் கடையில். மறுநாள் பதினொரு மணிக்குக் கொடுத்தார்கள், 3,200 ரூபாய், நன்றாகவே வேலை செய்தது. ஸ்டிக்கரை நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளே ஏதாவது நடந்திருந்தால் கடை ஞாபகம் வந்திருக்கும். ஆயுத பூஜை, ஆர்டர், பேக்கிங் என்று ஓடியதில் டிஸ்பிளே மாற்றியதையே மறந்துவிட்டேன்.

அக்டோபர் 8 மத்தியானம் மதுரையிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார், நாலு வருடமாக என்னிடம்தான் எடுக்கிறார். "ஏம்மா, பணம் போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒரு ஓகேகூடச் சொல்லலையே?" என்றார். எந்தப் பணம் என்று கேட்டேன். "அந்த மெரூன் புடவைக்கும்மா, ஒரே பீஸ்தான் இருக்குன்னு நீதானே அனுப்புன?" நான் அனுப்பவில்லை. என் சாட் லிஸ்ட்டில் மேலிருந்து கீழ் வரை தேடினேன், அவர் பெயரே இல்லை. அவரை ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன், அதை என் வீட்டுக்காரர் போனுக்கு. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. என் நம்பர், என் படம். 'அக்கா சாப்டீங்களா' என்று ஆரம்பித்து, விலையைச் சொல்லி, கடைசியில் இரண்டு கும்பிடு எமோஜி. நான் எப்போதும் இரண்டுதான் போடுவேன். அப்புறம் ஒரு க்யூஆர் படம். அது மட்டும் என்னுடையது இல்லை. வேறு ஏதோ ஆண் பெயர் வருகிறதே என்று மதுரை அக்கா கேட்டதற்கு, 'வீட்டுக்காரர் அக்கவுண்ட் அக்கா, என்னோடதுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு' என்று பதில் வேறு. மாதக்கணக்கில் நான் பேசியதையெல்லாம் உட்கார்ந்து படித்தவனால்தான் இப்படி எழுத முடியும்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, மொதல்ல அழுகைய நிறுத்து. சாட் லிஸ்ட்டை அப்படியே கீழே இழு, மேலே ஆர்கைவ்னு ஒண்ணு வரும், அதைத் திற" என்றான். திறந்தால் அங்கே இருந்தார்கள் எல்லோரும். 14 பேர், வரிசையாக. ஆர்கைவில் போட்டுவிட்டால் புது மெசேஜ் வந்தாலும் அது மேலே ஏறி வராது, சத்தமும் போடாது. ஏமாற்றியவன் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, யாரிடம் பேசப் போகிறானோ அவர்களை ஆர்கைவில் தள்ளிவிட்டுப் பேசியிருக்கிறான். என் போன் என் கையில்தான் இருந்தது, ஒரு டிங் சத்தம்கூட வரவில்லை.

"வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் பாரு, வேற எதுலயெல்லாம் உன் வாட்ஸ்அப் திறந்திருக்குன்னு காட்டும்" என்றான் தம்பி. பார்த்தேன். க்ரோம், விண்டோஸ் என்று ஒன்று. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

இங்கேதான் நான் ஏமாந்த இடம் புரிந்தது. வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க எண் வைத்திருந்தேன், ரொம்பப் பாதுகாப்பு என்று குரூப்பில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த எண்ணை அது கேட்பது வேறொரு போனில் புதிதாக வாட்ஸ்அப் பதிவு செய்யும்போது. கம்ப்யூட்டரில் இணைப்பதற்கு அது தேவையில்லை, எஸ்எம்எஸ்ஸும் தேவையில்லை, சிம்கூடப் போனில் இருக்க வேண்டியதில்லை. வைஃபை இருந்தால் போதும். கம்ப்யூட்டர் திரையில் வரும் க்யூஆரைப் போனால் ஸ்கேன் பண்ணும்போது அது கேட்பது விரல் ரேகை, இல்லாவிட்டால் ஸ்கிரீன் லாக். ரசீதில் எழுதச் சொல்லி நான் கொடுத்த அதே நாலு எண். ஒரு கணக்கில் இப்படி நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், போன் தொடர்ந்து 14 நாள் பயன்பாட்டில் இல்லாமல் கிடந்தால் தானாக அறுந்துபோகும். நான் தினம் பதினாறு மணி நேரம் போனும் கையுமாக இருப்பவள், அவனுடைய இணைப்பை நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

அதை லாக் அவுட் பண்ணிவிட்டு நிம்மதியாக மூச்சு விடலாம் என்று பார்த்தால், தம்பி "ஜிமெயிலையும் பாரு" என்றான். கூகுள் அக்கவுண்டில் செக்யூரிட்டி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் உங்கள் கருவிகள் என்ற இடத்துக்குப் போனால் எந்தெந்தப் போன், எந்தெந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது, முதன்முதலில் எப்போது திறந்தது என்று காட்டும். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தது. முதலில் திறந்த தேதி செப்டம்பர் 27, இரவு. போன் கடையில் தூங்கிய அதே ராத்திரி. அதைப் பார்க்கும்வரை கடை என் நினைவுக்கே வரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எப்படித் திறந்தான் என்பதற்குப் பெரிய ஹேக்கிங் எல்லாம் வேண்டாம். க்ரோமில் பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்கும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கி வைத்திருந்தேன். ஜிமெயில், இன்ஸ்டாகிராம், கரண்ட் பில், மகளுடைய ஸ்கூல் ஆப் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்து பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க அது கேட்பது என்ன? ஸ்கிரீன் லாக். வேறு கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறக்கும்போது 'இது நீங்கள்தானா' என்று போனுக்குக் கேள்வி வரும், போன் அவன் கையில். ஆமாம் என்று அமுக்கியிருப்பான். எச்சரிக்கை மெயில் வந்திருக்கும், அழித்திருப்பான். பின் தெரிந்தவன் நினைத்தால் தன் விரல் ரேகையையே என் போனில் சேர்த்துக்கொள்ளலாம். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆனால் ஒன்று செய்திருந்தான். ஜிமெயிலில் ஃபில்டர் என்று ஒன்று உண்டு, இன்னாரிடமிருந்து வரும் மெயிலை இன்ன இடத்துக்கு அனுப்பு என்று சொல்லி வைப்பது. போன் ஆப்பில் அது தெரியாது, பிரவுசரில் டெஸ்க்டாப் பக்கமாகத் திறந்து செட்டிங்ஸில் பார்த்தால்தான் தெரியும். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் பார்த்தோம். இன்ஸ்டாகிராம் என்ற சொல் வரும் எல்லா மெயிலும் நேராகக் குப்பைக்குப் போகிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அதாவது பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நான் சும்மா இருந்திருந்தால் அந்த ஃபில்டர் அப்படியே அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இன்ஸ்டாகிராமைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. 6,000 பேர் ஃபாலோ பண்ணுகிற கணக்கு, முந்தின நாளே மெயில் ஐடியை மாற்றிவிட்டான். இங்கே அவன் சொதப்பினான், அதுதான் என்னைக் காப்பாற்றியது. இன்ஸ்டாகிராமில் மெயில் ஐடியை மாற்றினால் பழைய மெயிலுக்கு ஒரு தகவல் வரும், 'இதை நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அமுக்கிக் கணக்கைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்' என்று. அவன் ஃபில்டர் அதைக் குப்பைக்கு அனுப்பியது. ஆனால் ஜிமெயில் குப்பைத்தொட்டி 30 நாள் வரை எதையும் வைத்திருக்கும், அவன் அதைக் காலி பண்ணவில்லை. தோண்டி எடுத்து அமுக்கினோம், கணக்கு திரும்பி வந்தது. அந்த மெயில் இல்லாதிருந்தால் முகத்தை வீடியோ எடுத்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து என்று நாள் கணக்கில் அலைந்திருக்க வேண்டும். வெளியே 'உங்கள் இன்ஸ்டா ஐடியை மீட்டுத் தருகிறோம், 2,000 ரூபாய்' என்று ஒரு கூட்டம் கமெண்டில் சுற்றுகிறது, அவர்கள் பக்கமே போகாதீர்கள், அது இரண்டாவது தடவை ஏமாறுவது.

அன்று ராத்திரி ஒரு மணி வரை தம்பி போனிலேயே இருந்தான். முதலில் லிங்க்டு டிவைஸ்களை வெளியேற்றியது, கூகுளில் அந்தக் கம்ப்யூட்டரை நீக்கியது, அதன் பிறகுதான் ஸ்கிரீன் லாக், அதற்கும் பிறகு பாஸ்வேர்டுகள். ஸ்கிரீன் லாக்கை மாற்றாமல் மற்றதை மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்றான். ஃபில்டர், ஃபார்வர்டிங், ரெகவரி மெயில், ரெகவரி நம்பர், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கூகுளில் டூ ஸ்டெப் போட்டதும் போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைவதற்கு எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் கோட் கொடுத்தது, அதை மகளின் பழைய நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன். போனில் வைக்கவில்லை.

பேங்க் பணம் போகவில்லை. சிம் என் கையில் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். யுபிஐ ஆப்கள் அந்த சிம் அந்தப் போனில் இருந்தால்தான் புதிதாகப் பதிவாகும், பணம் அனுப்ப யுபிஐ பின் தனியாக வேண்டும். ஆனால் என்னுடைய யுபிஐ பின் என்ன தெரியுமா? மகள் பிறந்த வருடம். ஏடிஎம் பின்? அதுவும் அதேதான். சிம்மையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

போலீஸ் பக்கம் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு நான் போன் பண்ணியபோது, பணம் யார் அக்கவுண்டிலிருந்து போனதோ அவர்கள்தான் அதற்குப் புகார் கொடுக்க வேண்டும், உங்கள் கணக்கைத் திருடியதற்கு நீங்கள் தனியாகக் கொடுங்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் 14 பேரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு 1930க்குப் பேசுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் திட்டினார்கள். ஒருவர் நானே நாடகம் ஆடுகிறேன் என்றார். அன்றைக்கே பேசிய ஐந்து பேரில் இரண்டு பேருடைய தொகை எதிர்ப்பக்க பேங்கில் நிறுத்தி வைக்கப்பட்டது, கைக்கு இன்னும் வரவில்லை. 'போனா போகுது ஆயிரம் ரூபா' என்று விட்டவர்களுக்கு ஒன்றுமே இல்லை. நானும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிந்துவிட்டு, மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நேரில் போனேன். அங்கிருந்த பெண் எஸ்ஐ முதல் கேள்வியே "போனை யார்கிட்டயாவது சர்வீஸுக்குக் கொடுத்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

கடைக்கும் போனேன். ஓனர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், "நம்ம கடையில அப்படியெல்லாம் நடக்காதுங்கக்கா, பன்னிரண்டு வருஷமா நடத்துறேன்" என்றார். அன்று ரசீது போட்ட பையன் எங்கே என்றேன். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லையாம். சும்மா இருக்காமல் என்னுடைய ரசீதைக் காட்டுங்கள் என்றேன். புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பெயர், நம்பர், பக்கத்தில் பேட்டர்ன். ஒன்பது புள்ளிகளில் இழுத்த இசட், எல், தலைகீழ் யு. முக்கால்வாசிப் பேர் இசட்தான் போட்டிருக்கிறார்கள். புத்தகம் மேஜை மேலேயே கிடக்கிறது, சார்ஜர் வாங்க வருகிறவன்கூடப் புரட்டலாம். பணத்தைப் பற்றிக் கேட்டேன். டிஸ்பிளேக்கு ஆறு மாதம் வாரண்டி இருக்கிறது என்றார்.

பெரியம்மா மகன் ஒருவன், ஐபோன் வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்றான். தம்பி சிரித்தான். ஐபோனிலும் ஸ்கிரீன் பாஸ்கோடைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனைப் பறித்து, அந்த எண்ணை வைத்தே ஆப்பிள் கணக்கையும் மாற்றிவிடுகிற திருட்டு நடந்து, அதற்காகவே 2024 ஜனவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதைப் போட்டு வைத்தால், வழக்கமான இடத்தில் இல்லாதபோது முக்கியமான மாற்றங்களுக்கு முகத்தைக் காட்டி ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும். அது வந்தபோது நாம்தான் போய்ப் போட வேண்டியிருந்தது. பெரியம்மா மகன் போட்டிருக்கிறானா என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, டிஸ்பிளே உடைந்தால் கடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? முடியாது. டச் வேலை செய்கிற போனாக இருந்தால் சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, பிக்சலில் ரிப்பேர் மோட். போட்டுவிட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு ஒரு வெறும் போன்தான் தெரியும், உங்கள் படம், மெசேஜ், கணக்கு ஒன்றும் தெரியாது, வாங்கி வந்து உங்கள் லாக்கைப் போட்டால் எல்லாம் திரும்ப வரும். என் போனில் பாதி டச் போய்விட்டதால் அதுவும் நடந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வழி இருந்தது. சிம்மை வீட்டுக்காரரின் பழைய போனில் போட்டு அதில் என் வாட்ஸ்அப்பைப் பதிவு பண்ணியிருந்தால் உடைந்த போனில் அது தானாக வெளியேறியிருக்கும், கூகுளிலும் அங்கிருந்தபடியே உடைந்த போனை நீக்கியிருக்கலாம். பத்து நிமிட வேலை. டிஸ்பிளே சரியா என்று சோதிக்க லாக் திறக்கவே வேண்டாம், லாக் ஸ்கிரீனிலிருந்தே கேமரா திறக்கும், டார்ச் எரியும், எமர்ஜென்சி டயலரில் எண்ணை அமுக்கிப் பார்த்தால் டச் தெரிந்துவிடும். மீதியை வாங்கும்போது நம் கையால் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

14 பேரில் 11 பேருக்கு நானே புடவை அனுப்பிவிட்டேன், என் கைக்காசில். மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மதுரை அக்கா மெரூனே வேண்டும் என்றார், அது உண்மையிலேயே ஒரே பீஸ்தான் இருந்தது.

போன மாதம் சார்ஜிங் பின் லூஸாகி வேறொரு கடைக்குப் போனேன். அங்கேயும் அதே மாதிரி ரசீது, அதே ஒன்பது புள்ளி. எழுத மாட்டேன் என்றேன். "அப்ப டெஸ்ட் பண்ண முடியாதுங்கக்கா." சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க லாக் எதற்கு, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு அம்மா வந்தார், ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று போனை நீட்டினார். "லாக் என்னம்மா?" என்று உள்ளே இருந்தே கேட்டான் பையன். அந்த அம்மா கடைக்கே கேட்கிற மாதிரி நாலு எண்ணையும் சத்தமாகச் சொன்னார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றதும் திருப்பியும் சொன்னார்.